சம்பள எல்லை யாருக்குச் சலுகை? இலங்கை, பிரித்தானிய, இந்திய முறைகள்

கல்முனைப் புடவைக் கடையிலோ சம்மாந்துறை அரிசி ஆலையிலோ மாதச் சம்பளத்துக்கு வேலை செய்பவர், ஊழியர் சேமலாப நிதிக்கென 8 சதவீதம் கழிவதைப் பார்த்து, குறைந்த வருமானக்காரருக்காவது இதை விட்டுக்கொடுக்கக் கூடாதா என்று கேட்பது இயல்பானதே. லண்டனில் உள்ள உறவினர், அங்கே கிழமைக்கு ஒரு குறிப்பிட்ட தொகைக்குக் கீழ் உழைப்பவரிடம் ஒன்றும் வெட்டுவதில்லை என்று சொல்லும்போது அந்தக் கேள்வி இன்னும் வலுக்கிறது. ஆனால் எல்லைக்குக் கீழே நிற்பவருக்கு என்ன கிடைக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் கணக்கு முழுமை பெறும்.

1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான நமது சேமலாப நிதிக்குக் கீழ் எல்லையும் இல்லை, மேல் எல்லையும் இல்லை. மாதம் 30,000 ரூபாய் பெறுபவரிடமிருந்து 2,400 ரூபாய் கழிகிறது; தொழில்தருநர் 12 சதவீதமாக 3,600 ரூபாயும், ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 சதவீதமாக 900 ரூபாயும் தம் பணத்திலிருந்து சேர்க்க வேண்டும். இங்கே எல்லை வைத்து விலக்களித்தால், கையில் வரும் தொகை சற்றுக் கூடும். ஆனால் முதுமைக்கான சேமிப்பு அந்த அளவுக்குக் குறையும், ஏனெனில் இது அவரவர் பெயரிலுள்ள கணக்கு. (2025 ஏப்ரல் முதல் மாதம் 1,50,000 ரூபாய் வரை விலக்களிக்கும் வருமான வரியோடு இதைக் குழப்பிக்கொள்வோர் பலர்.)

உண்மையில் நம்மிடம் சொல்லப்படாத ஓர் எல்லை உண்டு. மேலதிக நேரக் கொடுப்பனவுக்குச் சட்டப்படியே பங்களிப்பு இல்லை. வாழ்க்கைச் செலவுப்படி, விடுமுறைச் சம்பளம், தரகுப் பணம் ஆகியவற்றுக்கு உண்டு. ஆயினும் அடிப்படைச் சம்பளத்தை மட்டும் வைத்துக் கணக்கிடும் தொழில்தருநர், எந்தச் சட்டமும் வகுக்காத விலக்கொன்றைத் தமக்கே வழங்கிக்கொள்கிறார்.

அரச ஓய்வூதியம் முதலியவற்றுக்காகச் சம்பளத்திலிருந்து கழிக்கப்படும் பிரித்தானியத் தேசியக் காப்புறுதியின் அமைப்பு வேறு. 2025 ஏப்ரலில் தொடங்கிய வரியாண்டில், கிழமைக்கு 242 பவுண் வரை ஊழியர் எதுவும் கட்டுவதில்லை. அதற்கு மேல் 967 பவுண் வரை 8 சதவீதம், அதற்கும் மேல் 2 சதவீதம். எனவே 300 பவுண் பெறுபவர் மிகுதி 58 பவுணுக்கு மட்டும் 4.64 பவுண் கட்டுகிறார். இதிலும் முக்கியமானது, அந்த வரியாண்டில் 125 பவுணாக இருந்த கீழ் எல்லை. 125க்கும் 242க்கும் இடையில் உழைப்பவர் ஒரு சதமும் கட்டாவிட்டாலும், கட்டியவராகவே கருதப்பட்டு, அரச ஓய்வூதியத்துக்கான தகுதியைச் சேர்த்துக்கொள்கிறார். மூன்று முறைகளிலும் நியாயமான ஏற்பாடு இதுவே என்பது என் கருத்து. எனினும் எல்லை பொதுவாக ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனியே பார்க்கப்படுவதால், இரண்டு இடங்களில் தலா 120 பவுண் உழைப்பவர் மொத்தம் 240 பெற்றும் அந்தத் தகுதியை அடைவதில்லை. பகுதிநேர வேலைகளை இணைத்துப் பிழைக்கும் நம்மவர் கவனிக்க வேண்டிய இடம் இது.

மருத்துவப் பாதுகாப்பு தரும் இந்திய ஊழியர் அரசுக் காப்புறுதியில் எல்லை செங்குத்தானது. 2017 முதல் பொதுவாக மாதச் சம்பளம் 21,000 இந்திய ரூபாய் வரை உள்ளவர்களே இதில் சேரலாம். 2019 ஜூலை முதல் ஊழியர் பங்கு 0.75 சதவீதம், அதாவது உச்ச அளவிலும் 157.50 ரூபாய்தான். சம்பளம் எல்லையைத் தாண்டினால், நடப்பு ஆறு மாதப் பங்களிப்புக் காலம் முடிந்ததும் அந்தச் சிறு கழிவு நிற்கும்; அதற்குரிய பயன்பெறும் காலம் முடிந்ததும் மருத்துவப் பாதுகாப்பும் நின்றுவிடும். சம்பள உயர்வே இழப்பாக மாறக்கூடிய இந்த அமைப்பை நாம் பின்பற்ற வேண்டியதில்லை.

கட்டாமலே தகுதி தரும் பிரித்தானிய நடுப்பட்டையை (125க்கும் 242க்கும் இடைப்பட்டதை) இங்கே அப்படியே கொண்டுவருவதும் எளிதன்று. அது பொது நிதியிலிருந்து ஓய்வூதியம் வழங்கும் முறைக்கு உரியது, நமது தனிக் கணக்கிலோ கட்டாத பணத்தை யாராவது இட்டாக வேண்டும். குறைந்த சம்பளக்காரருக்குச் சலுகை தருவதானால், அவரது 8 சதவீதத்தில் ஒரு பகுதியை அரசு ஏற்கலாம்; தொழில்தருநரின் 12 சதவீதம் முதல் ரூபாயிலிருந்தே தொடர வேண்டும்.