வலையா, காற்றூதியா?

யாழ்ப்பாணத்தில் கோப்பாய், உரும்பிராய்ப் பக்கம் சோளகக் காற்று (தென்மேற்குப் பருவக்காற்று) தொடங்கிவிட்டால், காலையில் துடைத்த மேசையில் மாலையே விரலால் பெயர் எழுதலாம். அந்தச் செம்மண் தூள்தான் கணினிப் பெட்டிக்குள்ளும் போகிறது. காற்று நுழையும் இடத்தில் வலை போடலாம். அல்லது உள்ளே சேர்ந்த பிறகு காற்றூதியால் ஊதி எடுக்கலாம்.

நான் வலையின் பக்கம். காந்த விளிம்புள்ள நைலோன் வலையைக் கழற்றி அலசி, நன்றாக உலர்த்தி மறுபடி பொருத்துவது ஐந்து நிமிட வேலை. ஆனால் வலை மட்டும் போதாது. உள்ளிழுக்கும் விசிறிகள், வெளித்தள்ளும் விசிறிகளைவிட அதிகக் காற்றைக் கொண்டுவர வேண்டும். அப்போதுதான் பெட்டிக்குள் அழுத்தம் சற்றுக் கூடி, இடுக்குகள் வழியே காற்று வெளியேறும்; தூசு அவ்வழியே நுழையாது. வலை அடைபட்டால் இந்தக் கணக்குக் கவிழும், வெப்பமும் ஏறும். சோளகக் காலத்தில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழுவுகிறேன்.

ஊதுவதையே நம்பியிருந்தால், ஊதுவதற்குள் வெப்பத்தை வெளியேற்றும் அலுமினியத் தகடுகளுக்கிடையில் தூசு கம்பளிபோல் படிந்துவிடும். மாரிக்கால ஈரத்தில் அது இறுகினால் தூரிகை இல்லாமல் வராது. மின் இணைப்பைக் கழற்றி, பெட்டியை முற்றத்துக்குக் கொண்டுபோய் ஊதுங்கள். விசிறி இதழை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். கட்டுப்பாடின்றிச் சுழன்றால் பேரிங் பழுதாகலாம்.

நுண்ணிய தூள் வலையையும் தாண்டும் என்பதால், வலை போட்டவர்களும் ஆண்டுக்கு ஒருமுறையாவது ஊத வேண்டும். பெட்டியை மட்டும் நிலத்தில் வைக்காதீர்கள். கூட்டும்போது தும்புத்தடி கிளப்பும் புழுதி முழுவதும் நேரே அதற்குள்தான் போகும்.