டம்மி டக் (தளர்ந்த வயிற்றை இறுக்கும் ஆபரேஷன்) செய்து எட்டு வருஷம்: இறுக்கமும் மரப்பும்

போன மாதம் சித்தப்பா வீட்டுக் கல்யாணத்துக்குப் பலகாரம் போட்டோம். அதிரசத்துக்குப் பாகு காய்ச்சிய உருளியை அடுப்பிலிருந்து இறக்கியது நான்தான். வெண்கலம், நல்ல கனம். பிடிதுணியால் இரண்டு பக்கமும் பிடித்து, விளிம்பை வயிற்றோடு அணைத்துக்கொண்டு, மாவில் சாய்த்து ஊற்றினேன். பெரியம்மா கிளறினார். பாகு முழுக்க வழிகிற வரை அப்படியே நின்றேன். அன்று ராத்திரி சேலை மாற்றும்போதுதான் பார்த்தேன். தொப்புளுக்கு நாலு விரல் கீழே, கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு கொப்புளம். உடைந்து உள்பாவாடையோடு ஒட்டியிருந்தது. சுட்டதும் தெரியவில்லை, உடைந்ததும் தெரியவில்லை.

அதே வாரம் சின்னம்மா மகள் போனில் கேட்டாள் (எங்கள் பக்கம் அக்காவை ஆச்சி என்றுதான் கூப்பிடுவோம்): "ஆச்சி, உங்களுக்கு ஆபரேஷன் ஆகி எட்டு வருஷம் ஆச்சுல்ல? வயிறு இன்னும் இறுக்கமாத்தான் இருக்கா? நானும் பண்ணிக்கலாம்னு பாக்குறேன்."

இறுக்கமாகத்தான் இருக்கிறது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் ஆமாம் என்ற ஒரே வார்த்தையில் அவளுக்குப் பதில் சொல்ல மனசு வரவில்லை. அதனால் இதை எழுதுகிறேன். எத்தனை மணி நேரம் ஆகும், எத்தனை நாள் டியூப் இருக்கும், பெல்ட் எத்தனை வாரம் போட வேண்டும் என்பதெல்லாம் எங்கே தேடினாலும் கிடைக்கும். எட்டு வருஷம் கழித்து எப்படி இருக்கும் என்பதுதான் கிடைப்பதில்லை.

எனக்கு இரட்டைப் பிள்ளைகள். பிரசவத்துக்குப் பிறகு வயிற்றின் நடுவே நாலு விரல் உள்ளே போகிற அளவு இடைவெளி. படுக்கையிலிருந்து எழுந்தால் கூரை முகடு மாதிரி நடுவயிறு புடைத்து நிற்கும். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன பிறகும் விசேஷ வீடுகளில் "எத்தனை மாசம்?" என்று கேட்டார்கள். அந்தக் கேள்விக்குப் பயந்தே இரண்டு கல்யாணங்களுக்குப் போகவில்லை. அதைவிடப் பெரிய தொந்தரவு இடுப்பு வலி. ஒன்றரை வருஷம் பிசியோதெரபி செய்தேன். வலி கொஞ்சம் குறைந்தது, இடைவெளி குறையவில்லை. 2017-இல், 38 வயதில், மதுரையில் செய்துகொண்டேன். இன்சூரன்ஸ் தரவில்லை, அழகுக்குச் செய்வது என்று எழுதித் திருப்பிவிட்டார்கள்.

டாக்டர் ஒரு தாளில் படம் போட்டு விளக்கினார். வயிற்றின் முன்பக்கம் மேலிருந்து கீழாக இரண்டு பட்டைத் தசைகள். அவற்றை நடுவில் சேர்த்துப் பிடிப்பது ஒரு வெள்ளை நார்த்திசு. கர்ப்பத்தில் அந்த நார்தான் அகன்று தளர்ந்துபோகிறது, தசை கிழிவதில்லை. அதை நெஞ்செலும்புக்குக் கீழிருந்து அடிவயிறு வரை மடித்துத் தைக்கிறார்கள். எனக்குத் தைத்தது கரையாத நூல். அதற்கு மேல்தான் தோலை இழுத்து, மிச்சத்தை வெட்டி எடுப்பது. நாம் எல்லோரும் தோலைத்தான் நினைக்கிறோம். நாள்பட நிற்கிற இறுக்கம் உள்ளே இருக்கும் அந்தத் தையலில்தான் இருக்கிறது.

அந்தத் தையல் இன்றுவரை விடவில்லை. தரையில் பந்தியில் உட்கார்ந்தால் கையை ஊன்றாமல் எழுகிறேன். முன்பு பக்கத்து இலைக்காரரின் தோளைப் பிடிப்பேன். எங்கள் வீடு பழைய வீடு. தெருவிலிருந்து ஏழு படி, ஒவ்வொரு நிலைக்கும் உயரமான வாசற்படி. தண்ணீர்க் குடத்தோடு அதையெல்லாம் தாண்டி வளவுக்குள் போவது எனக்கு இப்போது ஒரு வேலையாகவே தெரிவதில்லை. 2019 தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து காவடிக் கூட்டத்தோடு பழனிக்கு நடந்தேன். கால் கொப்பளித்தது, முட்டி வலித்தது, இடுப்பு வலிக்கவில்லை. ஒரு மண்டபத்தில் ராத்திரி படுத்திருந்தபோதுதான் அது உறைத்தது. அழுதுவிட்டேன். பக்கத்தில் படுத்திருந்த அம்மாள் கால் வலியென்று நினைத்துத் தைலம் கொடுத்தார்.

இடுப்பு வலி போனது என் மனப்பிரமை என்று வீட்டில் சிலர் சொன்னார்கள். அப்படி இல்லை. ஆஸ்திரேலியாவில் இந்த ஆபரேஷன் செய்த 214 பெண்களிடம் கேட்டு 2018-இல் ஓர் ஆய்வு வந்தது. இடுப்பு வலியும், இருமினால் சிறுநீர் கசிவதும் குறைந்ததாக அதில் சொல்கிறார்கள். அவர்கள் தொடர்ந்து பார்த்தது ஆறு மாதம். என்னிடம் கேட்டால் எட்டு வருஷத்துக்கும் அதையே சொல்வேன்.

லாக்டவுன் சமயத்தில் எட்டு கிலோ ஏறினேன். தையல் போச்சு என்று பயந்தேன். வயிறு முன்னே வந்தது, ஆனால் பழைய மாதிரி தொளதொளவென்று இல்லை. மத்தளம் மாதிரி கெட்டியாக உருண்டு நின்றது. கேட்டதற்கு, கொழுப்பு தசைச் சுவருக்குப் பின்னால், குடலைச் சுற்றிச் சேர்ந்திருக்கிறது என்றார்கள். அதை எந்தக் கத்தியாலும் இழுத்துத் தைக்க முடியாது, சாப்பாட்டிலும் நடையிலும்தான் குறைக்க வேண்டும். ஒரு வருஷம் பிடித்தது. எடை குறைந்ததும் சுவர் பழைய இடத்துக்கு வந்தது. பித்தப்பைக்காக ஸ்கேன் எடுத்தபோது, எடுத்தவரிடம் நடுவயிற்றையும் பார்க்கச் சொன்னேன். தசைகள் சேர்ந்தே இருக்கின்றன என்றார்.

தோல் அப்படி இல்லை. அது நம்மோடு சேர்ந்து வயதாகிறது. தொப்புளுக்கு மேலே இப்போது கொஞ்சம் மிருதுவாகிவிட்டது, உட்கார்ந்தால் ஒரு மடிப்பு விழுகிறது. தழும்பு முதல் வருஷம் சிவந்து தடித்திருந்தது, ஒன்றரை வருஷத்தில் வெளிறிக் கோடாகிவிட்டது. இதிலெல்லாம் எனக்குக் குறை இல்லை.

குறை அந்த மரத்த இடம்தான்.

தோலை அடியிலிருந்து பிரித்துத் தூக்கும்போது அதற்குள் வருகிற சிறு நரம்புகள் அறுபடும். ஓரங்களில் கொஞ்சம் கொஞ்சமாக உணர்ச்சி திரும்பும். எனக்கு இரண்டு பக்கமும் முதல் வருஷத்தில் திரும்பிவிட்டது. தொப்புளுக்கும் தழும்புக்கும் நடுவே, உள்ளங்கை அகலத்துக்குத் திரும்பவே இல்லை. சேலை கட்டுகிறவளுக்கு அந்த இடம் என்ன என்று யோசித்துப் பாருங்கள். உள்பாவாடை நாடா அங்கேதான். கொசுவம் செருகுவதும் அங்கேதான். நாடாவை எவ்வளவு இறுக்குகிறேன் என்று எனக்குத் தெரியாது. சாயங்காலம் அவிழ்த்தால் விரல் பதிகிற ஆழத்துக்குத் தடம் இருக்கும், சில நாள் தோல் உரிந்திருக்கும். கண்டாங்கி கட்டினால் கொசுவம் கனமாக இருக்கும். அது நழுவுகிறதா, நிற்கிறதா என்று வயிறு சொல்லாது, கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். ஊசி குத்தினால் அது தோலிலும் ஏறியிருக்கும். ரத்தப் பொட்டைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வேன். அதனால் ஊசி குத்துவதையே விட்டுவிட்டேன்.

இன்னொன்று அரிப்பு. உள்ளே எங்கேயோ அரிக்கும். மேலே சொறிந்தால் சொறிவதே தெரியாது, அரிப்பும் அடங்காது. ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்து, எங்கே என்று தேடுவேன். இதை யாரிடம் சொன்னாலும் புரிவதில்லை. "வயிறுதான் நல்லா ஆயிடுச்சே" என்கிறார்கள்.

டாக்டர் ஆபரேஷனுக்கு முன்னால் சொன்னது, "கொஞ்ச நாள் மரத்த மாதிரி இருக்கும்." ஒரு வருஷம் கழித்துப் போய்க் கேட்டபோது, "சிலருக்கு அப்படியே நின்னுடும்மா" என்றார். கொஞ்ச நாளுக்கும் நின்றுவிடுவதற்கும் எவ்வளவு தூரம்! நியாயமாகச் சொன்னால், கையெழுத்து வாங்கிய தாளில் அது இருந்தது. பிறகு எடுத்துப் படித்தேன். ஆங்கிலத்தில், ஒரு வரி, ரத்தம் கட்டுவது, நீர் கோர்ப்பது, தையல் பிரிவது என்ற பட்டியலுக்கு நடுவே. நான் படிக்காமல் கையெழுத்துப் போட்டேன், அது என் தவறு. அவர் கை நல்ல கை, அந்தத் தையலே சாட்சி. ஆனால் நீர் கோர்க்கும், காய்ச்சல் வந்தால் உடனே கூப்பிடு என்று பத்து முறை சொன்னவருக்கு, "இனி அந்த இடத்தில் சூடு தெரியாது, அடுப்படியில் பார்த்து இரு, வெந்நீர்ப் பை வைக்காதே" என்று ஒரு முறை சொல்ல வாய் வரவில்லையா? இந்த ஊரில் பாதி நாள் அடுப்பு முன்னால் நிற்கிற பெண்ணிடம் அதைத்தானே முதலில் சொல்ல வேண்டும்? மாதவிடாய் வலிக்கு வருஷக்கணக்காக அங்கே வெந்நீர்ப் பை வைத்திருக்கிறேன். அதில் சுடாதது என் அதிர்ஷ்டம்.

கொப்புளம் ஆறிக்கொண்டிருக்கிறது, மெதுவாக. கட்டுப் போடுகிற நர்ஸ் "எரியுதா?" என்று கேட்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. அவரிடம் காட்டவில்லை.

சின்னம்மா மகளுக்கு ஒரு பிள்ளை, பதினாலு மாதம். இடைவெளி இரண்டு விரல்தான். இன்னொரு பிள்ளை வேண்டும் என்றும் சொல்கிறாள். அப்படியென்றால் இப்போது செய்வதில் அர்த்தமே இல்லை, அடுத்த கர்ப்பம் அந்தத் தையலை மறுபடி தளர்த்திவிடலாம். இரண்டு விரல் இடைவெளிக்குப் பயிற்சியே பெரும்பாலும் போதும். மேல்மூச்சு வாங்காமல், மூச்சை வெளியே விட்டு அடிவயிற்றை உள்ளே இழுக்கிற பயிற்சியை எனக்குச் சொல்லிக்கொடுத்தவரிடம் அவளை அனுப்பியிருக்கிறேன். இதெல்லாம் அவளுக்கான காரணங்கள்.

ஆனால் பயிற்சி பலிக்காமல், இரண்டாவது பிள்ளையும் பிறந்து, என்னைப் போல நாலு விரல் திறந்து நின்றால் என்ன சொல்வீர்கள் என்று அவள் கேட்டாள். குன்றக்குடியிலிருந்து நடந்ததை நானே அவளிடம் நூறு தடவை சொல்லியிருக்கிறேன், அதை வைத்துத்தான் கேட்டாள். இந்தக் கொப்புளத்துக்கு முன்னால் கேட்டிருந்தால், கண்ணை மூடிக்கொண்டு செய் என்று சொல்லியிருப்பேன். இன்றைக்கு, இந்தக் கட்டோடு உட்கார்ந்து, வேண்டாம் என்றுதான் சொன்னேன்.

"ஆச்சி, காயம் ஆறட்டும், மறுபடி கேக்குறேன்" என்றாள். சரி, கேளு என்றேன்.