தூசி எங்கே போய்ச் சேர்கிறது? வாக்குவம் கிளீனர் வரலாற்றில் எதிரெதிரே நின்ற வடிவங்கள்

வாக்குவம் கிளீனர்களில் எது மேலானது என்ற பேச்சு எழுந்தாலே மோட்டாரின் வாட் அளவும் உறிஞ்சும் வேகமும்தான் முதலில் அடிபடுகின்றன. தரையிலிருந்து எடுத்த தூசியைக் கருவி கடைசியில் எங்கே கொண்டுபோய் வைக்கிறது, வைத்த இடத்திலேயே அது நிற்கிறதா என்பதைத்தான் நான் முதல் அளவுகோலாகக் கொள்வேன். இந்த அளவுகோலோடு கருவியின் வரலாற்றைப் பார்த்தால், சந்தையில் வென்ற வடிவமும் தூசியை நன்றாக அடைத்த வடிவமும் பலமுறை வெவ்வேறாக இருந்திருப்பது தெரியவரும்.

வீடுகளுக்கு மின்சாரம் வருவதற்கு முன்பே போட்டி தொடங்கிவிட்டது. சிகாகோவைச் சேர்ந்த ஐவ்ஸ் மெக்காஃபி 1869-இல் காப்புரிமை பெற்ற கருவியில், ஒரு கையால் காற்றாடியைச் சுற்றிக்கொண்டே மறு கையால் தள்ள வேண்டியிருந்தது. மிச்சிகன் மாநிலத்தின் கிராண்ட் ராப்பிட்ஸ் நகரில் பீங்கான் பாத்திரக் கடை நடத்திய மெல்வில் பிஸ்ஸெல் 1876-இல் காப்புரிமை பெற்ற கம்பளப் பெருக்கியிலோ, தள்ளும்போது உருளும் சக்கரங்களே தூரிகையைச் சுழற்றிக் குப்பையைப் பெட்டிக்குள் வாரிப் போட்டன. காற்றால் இழுக்கும் மெக்காஃபியின் எண்ணமே தொலைநோக்கு உடையது. ஆனால் புழக்கத்துக்கு எளிதாக இருந்த பிஸ்ஸெலின் பெருக்கிதான் நிலைத்தது. மேலாகக் கிடக்கும் துகள்களை அது திறமையாக எடுத்தாலும், நுண்தூசியைக் கிளப்பி அறைக்குள்ளேயே விட்டது.

அடுத்து வந்தது, ஊதுவதா உறிஞ்சுவதா என்ற போட்டி. செயின்ட் லூயிஸ் நகரின் ஜான் தர்மன் 1899-இல் காப்புரிமை பெற்ற கருவி, அழுத்தப்பட்ட காற்றைக் கம்பளத்தின் மீது அடித்து, கிளம்பும் தூசியை ஒரு கலத்தில் பிடிக்க முயன்றது. லண்டனில் இவ்வகை ஊதும் இயந்திரம் ஒன்றின் செயல்விளக்கத்தைப் பார்த்த பொறியாளர் ஹியூபர்ட் செசில் பூத், காற்றை எதிர்த்திசையில் ஓட்டினால் என்ன என்று யோசித்தார். ஓர் உணவகத்தில் மென்பட்டு இருக்கையின் மேல் கைக்குட்டையை விரித்து, அதில் வாயை வைத்து உறிஞ்சினார். துணியின் அடிப்பக்கத்தில் அழுக்கு வட்டமாகப் படிந்திருந்தது. உறிஞ்சும் காற்றின் பாதையில் ஒரு வடிகட்டி நின்றால் தூசி அதைத் தாண்டாது என்று அந்தக் கைக்குட்டை காட்டியது. இன்றுவரை எல்லா வாக்குவம் கிளீனர்களும் ஏதோவொரு வடிவில் அந்த வடிகட்டியை நம்பியே இயங்குகின்றன. ஊதும் முறை இந்தப் போட்டியில் தோற்றது முற்றிலும் நியாயமானது.

பூத் 1901-இல் காப்புரிமை பெற்று உருவாக்கிய இயந்திரம் குதிரை வண்டியில் ஏற்றப்பட்ட பெட்ரோல் எஞ்சினும் பம்ப்பும் கொண்டது. அது தெருவிலேயே நிற்க, நீண்ட குழாய்கள் மட்டும் ஜன்னல் வழியே வீட்டுக்குள் சென்றன. ஏழாம் எட்வர்ட் மன்னரின் 1902 முடிசூட்டு விழாவுக்காக வெஸ்ட்மின்ஸ்டர் அபே தேவாலயத்தின் கம்பளங்களைச் சுத்தம் செய்ததும் இந்த இயந்திரமே. ஆனால் அது ஒரு பொருளாக வீட்டுக்குள் வரவில்லை. கூலி கொடுத்து வரவழைக்கும் சேவையாகவே இருந்தது. இதற்கு நேர் எதிரான விடையை ஒஹாயோ மாநிலத்தின் கேன்டன் நகரில் ஒரு பல்பொருள் அங்காடியைத் துப்புரவு செய்துவந்த ஜேம்ஸ் மரே ஸ்பாங்ளர் தந்தார். கம்பளப் பெருக்கி கிளப்பிய தூசியால் ஆஸ்துமா முற்றி அவதிப்பட்ட அவர், ஒரு சிறு மின்மோட்டார், காற்றாடி, பெட்டி, துடைப்பக் கைப்பிடி, தலையணை உறை ஆகியவற்றைச் சேர்த்து ஒரே ஆள் தள்ளக்கூடிய கருவியை உருவாக்கி, 1908-இல் காப்புரிமை பெற்றார். தோல்பொருள் வணிகரான வில்லியம் ஹூவர் அதை வாங்கி, அதே ஆண்டில் 60 டாலர் விலையில் விற்பனைக்குக் கொண்டுவந்தார்.

இரண்டையும் அருகருகே வைத்தால் பூத்தின் ஏற்பாட்டின் மேன்மை கண்கூடு: தூசி வீட்டைவிட்டே வெளியேறியது, கழிவுக் காற்றும் வெளியிலேயே கலந்தது. ஸ்பாங்ளரின் கருவியில் அழுக்கு முதலில் காற்றாடியைக் கடந்து, பிறகு ஊதப்பட்டு உறைக்குள் போனது. அழுத்தத்தால் உப்பிய துணியின் நெசவு வழியே நுண்தூசி அதே அறைக்குள் கசிந்தது. ஆஸ்துமா நோயாளி ஒருவரின் தேவையிலிருந்து பிறந்த கருவிக்கு இது சிறிய குறை அல்ல. ஆயினும் வேண்டும்போது கையில் எடுக்கக்கூடிய கருவி என்ற ஒரே பலம் மற்ற எல்லாவற்றையும் வென்றுவிட்டது. பூத்தின் எண்ணத்துக்கு இன்றும் வாரிசு உண்டு: சுவருக்குள் குழாய்களைப் பதித்து, மோட்டாரைக் கீழ்த்தளத்தில் வைக்கும் மைய வாக்குவம் அமைப்பு.

1921-இல் வந்த, எலெக்ட்ரோலக்ஸ் நிறுவனத்தின் மாடல் ஃபைவ், தரையில் சறுக்கிச் செல்லும் உருளையாக ஸ்பாங்ளர் கருவியின் கசிவுக் குறையைத் தீர்த்தது. இதில் பை காற்றாடிக்கு முன்னால், மூடிய உடலுக்குள் இருந்தது. ஆகவே காற்றாடியை அடைந்தது வடிகட்டப்பட்ட காற்று. ஹூவர் நிறுவனம் 1926-இல், ஸ்பாங்ளர் கருவியைப் போல் நின்றபடி தள்ளும் நிமிர்ந்த வகைக் கருவியில் கம்பளத்தைத் தட்டி அதிர வைக்கும் சுழல்தண்டைச் சேர்த்து, அடியில் புதைந்த மணலையும் மேலே கொண்டுவந்தது. தடித்த கம்பளத்துக்கு நிமிர்ந்த வகையும், கல், மரத் தரைகளுக்கும் மூலைமுடுக்குகளுக்கும் உருளை வகையும் பொருத்தம் என்பதே என் முடிவு.

பையா, காற்றைச் சுழற்றித் தூசியைப் பிரிக்கும் சூறாவளிக் கலமா என்ற போட்டியில் எனக்குத் தயக்கமில்லை. பையின் துளைகள் அடைபட்டு இழுவை குறைவதால் சலிப்படைந்த பிரிட்டிஷ் வடிவமைப்பாளர் ஜேம்ஸ் டைசன், மரம் அறுக்கும் ஆலையில் தூசியைச் சுழற்றிப் பிரிக்கும் கூம்பைப் பார்த்து, 5,127 முன்மாதிரிகளுக்குப் பின் பையில்லாக் கருவியை நிறைவு செய்தார். 1993-இல் அவருடைய சொந்த நிறுவனத்தின் டிசி01 வெளிவந்தது. மையவிலக்கு விசை தூசியைச் சுவரில் ஒதுக்குவதால் இழுவை சீராக நிற்கிறது என்பது உண்மையான முன்னேற்றம். ஆனால் கலத்தைத் திறந்து கொட்டும் கணத்தில், பிடித்து வைத்த நுண்தூசியின் ஒரு பகுதி கொட்டுபவரின் முகத்தருகே மீண்டும் எழுகிறது. 0.3 மைக்ரான் துகள்களில் 99.97 விழுக்காட்டைத் தடுக்கும் ஹெப்பா வடிகட்டி, காற்று வெளியேறும் வாயில் பொருத்தப்படுவது. கலத்தைத் திறந்தபின் அதனால் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. ஒவ்வாமையோ ஆஸ்துமாவோ உள்ள வீட்டுக்கு, வாய் மூடிக்கொள்ளும் பையுடன் கசிவில்லாத உடலும் கொண்ட கருவியையே நான் பரிந்துரைப்பேன். 2002-இல் வந்த ரூம்பா பரவலாக்கிய, தானே ஓடிச் சுத்தம் செய்யும் ரோபோ வகையிலும் இது பொருந்தும்: தானாகக் காலி செய்துகொள்ளும் ரோபோக்களின் நிலையங்கள் பலவற்றில், தூசி போய்ச் சேரும் இடம் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பைதான்.