குடமுருட்டிக் கரையில் ஆறு நாள்: ஓர் ஓய்வில்லத்தைப் பற்றி

தஞ்சாவூரிலிருந்து திருவையாறு செல்லும் சாலையில் பாலம் பாலமாகக் கடந்து, குடமுருட்டிக் கரையோரம் உள்ளே திரும்பினால், பழைய முற்றத்து வீடு ஒன்றை ஓய்வில்லமாக்கி, வேலைப்பளுவில் நொந்து போனவர்களுக்கென்றே நடத்தி வருகிறார்கள். ஆடிப்பெருக்குக்கு முந்தைய வாரம் ஆறு நாள் அங்கே தங்கினேன். சாப்பாடு உட்பட நாளொன்றுக்கு 3,500 ரூபாய். குறைகளையும் விரிவாகச் சொல்ல வேண்டியிருப்பதால் இல்லத்தின் பெயரைத் தவிர்க்கிறேன்.

எந்த நிலையில் போனேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். வங்கிக் கிளையொன்றில் நகைக்கடன் பிரிவைப் பார்க்கிறேன். இரண்டு ஆண்டுகளாக விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடும். அதன்பின் உறக்கம் கிடையாது. வட்டி எவ்வளவு என்று இரண்டாம் முறை கேட்ட ஒரு பாட்டியிடம் எரிந்து விழுந்துவிட்டு, அவர் தோட்டைக் கழற்றித் தராசில் வைக்கும்போது விரல் நடுங்கியதைப் பார்த்த அன்றுதான் மருத்துவரிடம் போனேன். இரத்தச்சோகையும் தைராய்டுக் குறைவும் இதே அசதியைத் தரும் என்பதால் அவர் முதலில் இரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்தார். மனச்சோர்வு நோயும் இல்லை என்று விசாரித்துத் தெளிந்த பிறகே ‘பர்ன் அவுட்’ என்ற சொல்லை எடுத்தார். 2019இல் ஏற்கப்பட்ட உலக சுகாதார அமைப்பின் வகைப்பாடு இதை நோய்களின் பட்டியலில் சேர்க்கவில்லை. சரிவரச் சமாளிக்கப்படாத நெடுநாள் பணியிட அழுத்தத்தின் விளைவு என்றே விளக்கி, தீராத களைப்பு, வேலையின்மேல் கசப்பும் விலகலும், செய்திறன் குறைந்துபோன உணர்வு என்ற மூன்று அடையாளங்களைச் சொல்கிறது. மூன்றும் எனக்கு இருந்தன.

பணியிடத்தில் பிடித்த சிக்கலை ஆற்றங்கரையில் வைத்து முழுதாகத் தீர்க்க முடியாது. அதனால் வாசல் பலகையில் இருந்த “ஐந்தே நாளில் புது மனிதராகலாம்” என்ற வாசகத்தைப் பார்த்தபோது சற்றே எரிச்சல் வந்தது. எனினும் இரண்டு செயல்களில் இந்த இல்லம் முழு மதிப்பெண் பெறுகிறது.

முதலாவது, நேரம். காலை உணவு எட்டு, மதியம் பன்னிரண்டரை, இரவு ஏழு. இந்த மூன்றும் ஒருநாளும் பிசகவில்லை. காலையில் வெளிச்சம் வந்ததும் படித்துறையில் அரை மணி நேரம் உட்காரச் சொல்கிறார்கள். காலை வெளிச்சம்தான் உடம்பின் உறக்கக் கடிகாரத்தைத் திருத்துகிறது. நண்பகலுக்குப் பின் காபி கிடையாது. காபியில் உள்ள காஃபீனில் பாதி கரையவே பெரும்பாலோருக்கு ஐந்து மணி நேரம் போல் ஆகும் என்பதால், மாலை நான்கு மணிக் காபியில் பாதி இரவு ஒன்பதுக்கும் உடம்பில் நிற்கும். நியாயமான விதிதான். கும்பகோணத்துக்காரியான எனக்கு முதல் இரண்டு மாலையும் தலைவலி தாங்கவில்லை என்பதையும் பதிவு செய்கிறேன்.

இரண்டாவது, சமையற்கட்டு அம்மா. கைப்பேசியைப் பழைய கல்லாப்பெட்டி ஒன்றில் வைத்துப் பூட்டி, மாலையில் அரை மணி நேரம் மட்டும் தருகிறார்கள். இரண்டாம் நாள் மதியம் வாழைக்காய் வறுவலைப் பாதி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோதே என் இடக்கை தானாக மடியில் கைப்பேசியைத் தேடியது. அதைப் பார்த்த அந்த அம்மா எதுவும் சொல்லாமல் இலையில் இன்னொரு கரண்டி மோர்க்குழம்பு ஊற்றினார். முதல் நாள் “சாப்பிட வாங்க மேடம்” என்றவர், நான்காம் நாள் “எலை போட்டாச்சு, எந்திரிச்சு வாம்மா” என்றார். அன்றிரவு ஐந்தரை மணி வரை தூங்கினேன்.

இனி குறைகள். மூன்றாம் நாள் “நச்சு நீக்கம்” என்று பட்டினி போட்டுக் கஷாயம் கொடுத்தார்கள். கல்லீரலும் சிறுநீரகமும் அன்றாடம் செய்கிற வேலைக்குத் தனியாக 900 ரூபாய் வாங்குவது எனக்கு ஏற்புடையதல்ல. சர்க்கரைக்கு மாத்திரை எடுப்பவர் யாரேனும் இருக்கிறீர்களா என்றுகூட அவர்கள் கேட்கவில்லை. மூச்சுப்பயிற்சி, மண் குளியல், பானை வனைதல், பஜனை என்று ஒவ்வொன்றுக்கும் மணியடித்து அழைத்து, முடிவில் நட்சத்திரம் போடும் படிவம் வேறு. இலக்குப் பட்டியலால் களைத்து வந்தவர் கையில் இன்னொரு இலக்குப் பட்டியல்!

இவற்றைச் சிரித்துக் கடந்துவிடலாம். ஐந்தாம் நாள் மாலை நடந்த “மனம் திறக்கும் வட்டம்” அப்படியன்று. முன்பின் அறியாதவர்களிடையே அவரவர் துயரத்தைச் சொல்லச் சொன்னார்கள். ஓர் இளைஞர் உடைந்து அழத் தொடங்கியபோது, நடத்தியவருக்கு உளவியல் பயிற்சி எதுவும் இல்லாததால் ஊதுபத்தி ஏற்றிப் பாட்டுப் போட்டார். உளவியலாளர் ஒருவர் வாரத்துக்கு ஒருமுறையாவது வந்துபோக வேண்டும். அது இயலாவிட்டால், தமிழிலும் பேசக்கூடிய, அரசின் இலவச மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416ஐயாவது சுவரில் எழுதி வைத்திருக்கலாம். அந்த இளைஞருக்கு அதைத் தாளில் எழுதிக் கொடுத்தது நான்தான்.

என்ன பயன் என்று கேட்டால், இல்லத்தின் பட்டியலில் இல்லாத ஒரு பேச்சைச் சொல்வேன். பின்பக்கத்து வயலில் குறுவை நின்றிருந்தது. வாய்க்காலில் தண்ணீர் போய்க்கொண்டிருந்தும் மடையைத் திறக்காமல் வரப்பில் உட்கார்ந்திருந்த விவசாயியிடம் காரணம் கேட்டேன். “இன்னிக்கு மேலண்டைக்காரர் முறைம்மா. நம்ம முறை நாளைக்கு” என்றார்.

ஊர் திரும்பிய இரண்டாம் வாரம் மூன்று மணி விழிப்பு மறுபடி வந்தது. அப்போதுதான் மேலாளரிடம் பேசினேன். விடுமுறை நாள் அழைப்புகள் அனைத்தும் எனக்கே வந்துகொண்டிருந்ததை மாற்றி, மூவருக்கும் முறை வைத்துக்கொண்டோம். கூடுதல் ஆள் கேட்டோம், கிடைக்கவில்லை. இப்போது வாரத்தில் நான்கு இரவு முழுதாகத் தூங்குகிறேன்.

போக விரும்புகிறவர்கள் முன்பதிவின்போதே “நிகழ்ச்சிகள் வேண்டாம், அறையும் சாப்பாடும் போதும்” என்று சொல்லிவிடுங்கள். நாளுக்கு 800 ரூபாய் குறைகிறது. ஆற்றை ஒட்டிய கடைசி அறையில் கொசுவலை கிழிந்திருக்கிறது. முற்றத்தை ஒட்டிய அறையாகக் கேளுங்கள்.