ஏற்காட்டுல கெட்டமைன் சிகிச்சைன்னு ரூ.1,08,000 கட்டி ஏமாந்தோம், தயவுசெஞ்சு படிங்க

இன்னைக்குக் காலையில அந்த மையத்தோட நம்பர்ல இருந்து கடைசி மெசேஜ் வந்துச்சு. "பேக்கேஜ் தொகை திருப்பித் தரப்பட மாட்டாது மேடம்." பதில் போடுறதுக்குள்ள என்னை பிளாக் பண்ணிட்டாங்க. ஆத்திரத்துல கை நடுங்குது. ஆனா ஆறிப்போனா எழுத மாட்டேன்னு தெரியும், அதனால இப்பவே எழுதுறேன். பேரைப் போட வேண்டாம்னு வக்கீல் சொல்லியிருக்கார். மலை மேல, காபித் தோட்டத்துக்கு நடுவுல, ரிசார்ட் மாதிரி இருக்கிற ஒரு மனநல மையம். அவ்வளவுதான் சொல்ல முடியும். போன காசு ரூ.1,08,000.

என் தம்பிக்கு 31 வயசு. செவ்வாய்ப்பேட்டையில வெள்ளிக் கொலுசுப் பட்டறையில வேலை. ரெண்டு வருஷமா மனச்சோர்வு. அதோட பதற்றமும். பட்டறைக்குக் கிளம்பிச் செருப்பு மாட்டுவான், வாசப்படியிலயே உட்கார்ந்துடுவான். பெரியாஸ்பத்திரியில பார்த்து, ஒரு மாத்திரை சரி வரலைன்னு மாத்தி, ரெண்டாவது மாத்திரை ஓடிட்டு இருந்துச்சு. முன்னைக்குத் தேவலாம். ஆனா சிரிச்சு நாளாச்சு.

ஒரு நாள் ராத்திரி போன்ல விளம்பரம் வந்துச்சு. "மாத்திரை கேட்காத மனச்சோர்வுக்குப் புதிய சிகிச்சை." பதினோரு மணிக்கு நம்பரைக் குடுத்தேன். பத்தே நிமிஷத்துல ஒரு பொண்ணு கூப்பிட்டுச்சு. தம்பியைப் பத்தி எதுவுமே கேக்கல. "அக்கா, உங்க குரலைக் கேட்டாலே தெரியுதுங்க, நீங்க சரியாத் தூங்கியே எத்தனை நாள் ஆச்சுங்கக்கா?"ன்னுச்சு. எனக்கு அழுகை வந்துடுச்சு. ரெண்டு வருஷத்துல எங்கிட்ட அந்தக் கேள்வியைக் கேட்டவங்க யாருமே இல்ல. அம்மா கேக்கல, வீட்டுக்காரர் கேக்கல. சமையக்கட்டுல இருட்டுல நின்னுக்கிட்டு முக்கால் மணி நேரம் பேசினேன். என் காசு போனது அந்த முக்கால் மணி நேரத்துலதான். மத்ததெல்லாம் அதுக்கப்புறம் தானா நடந்துச்சு.

"அமெரிக்காவுல 2019லயே அனுமதிச்ச மருந்துங்கக்கா, சோர்வு, பதற்றம் ரெண்டுக்குமே கேக்கும்"னு சொல்லுச்சு. ஆறு தடவை டிரிப்ஸ், தடவைக்கு 18,000. ஆறுக்கும் முன்பணம் கட்டினாத்தான் தேதி கிடைக்கும்னுச்சு. என் நாலு வளையலை அடகு வெச்சேன். மீதிக்குச் சீட்டுப் பணம். மொத்தம் ரூ.1,08,000, ஒரே தவணையில அனுப்பினேன்.

அங்க நடந்ததைச் சொல்றேன். காலையில ஒன்பது மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். உட்கார வெச்சுப் பொங்கல் போட்டாங்க. கெட்டமைன் மயக்க மருந்து. அறுவை சிகிச்சைக்குப் போற மாதிரி வெறும் வயித்துல வரணும்னு எனக்குத் தெரியாது. பொங்கல் வெச்சவங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும்ல? டாக்டர்னு ஒருத்தர் வீடியோவுல வந்து ரெண்டு நிமிஷம் பேசினார். ஊசி போட்டது டி-சர்ட் போட்ட ஒரு பையன். டிரிப்ஸ் பாட்டிலைச் சட்டை மாட்டுற கொக்கியில தொங்க விட்டான். பி.பி. பாக்கல. இதயத்துடிப்பு காட்டுற மெஷின் இல்ல, ஆக்ஸிஜன் இல்ல. தம்பி கண்ணுக்கு ஒரு பச்சைத் துணிப்பட்டை கட்டினாங்க. அதுல வேற யாரோட தலை எண்ணெய் வாசமோ அடிச்சுது. பக்கத்துல இருந்த எனக்கே குமட்டுச்சு, அவனுக்கு எப்படி இருந்திருக்கும்.

11.20க்கு டிரிப்ஸ் ஆரம்பிச்சாங்க, 11.35க்கு முடிஞ்சிடுச்சு. சுவத்துக் கடிகாரத்தையே பார்த்துட்டு இருந்தேன், அதனால நிச்சயமாச் சொல்றேன். பட்டையை எடுத்தப்ப அவனோட கருவிழி ரெண்டும் இப்படியும் அப்படியும் ஆடிக்கிட்டே இருந்துச்சு. "அக்கா, என் கை எங்கக்கா?"ன்னான். கையைத் தூக்கி அவன் முகத்துக்கு நேரா காட்டினேன். "இது யாரோடதுக்கா?"ன்னான். நான் பயந்து கத்தினேன். அந்தப் பையன், "நார்மல்தான் மேடம், எல்லாருக்கும் இப்படித்தான்"னுட்டு செல்போனைப் பாக்க ஆரம்பிச்சுட்டான். பன்னெண்டு மணிக்கெல்லாம் அடுத்த ஆள் வர்றாங்கன்னு ரூமைக் காலி பண்ணச் சொல்லிட்டாங்க. 20 கொண்டை ஊசி வளைவுலயும் என் மடியில தலையை வெச்சு வாந்தி எடுத்துக்கிட்டே வந்தான் என் தம்பி. மடியெல்லாம் அந்தப் பொங்கல்.

உண்மையை மறைக்க மாட்டேன். மறுநாள்ல இருந்து நாலு நாள் அவன் நல்லா இருந்தான். யாரும் சொல்லாமலே குளிச்சான். சாயங்காலம் என் பையனை மூக்கனேரிக்கு நடத்திக் கூட்டிட்டுப் போய்க் கொக்கு காட்டினான். அஞ்சாம் நாள் எல்லாம் போச்சு. முன்னையை விட மோசம். ஏன்னா, "பழைய மாத்திரையை நிறுத்திடுங்க, அதோட சேர்ந்தா டிரிப்ஸ் வேலை செய்யாது"ன்னு அந்தப் பொண்ணு சொல்லி, இவனும் ஒரே நாள்ல நிறுத்தியிருக்கான். எங்கிட்டகூடச் சொல்லல. தலைக்குள்ள ஷாக் அடிக்கிற மாதிரி இருக்குன்னான். ராத்திரி, "நான் இல்லாட்டி உனக்குச் செலவு மிச்சம்க்கா"ன்னான். அன்னைக்கு விடிய விடிய அவன் ரூம் வாசல்லயே பாய் போட்டுப் படுத்துக்கிட்டேன்.

காலையில பெரியாஸ்பத்திரிக்கு ஓடினேன். டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வி: "எத்தனை மில்லிகிராம் ஏத்தினாங்க?" எங்கிட்ட பதில் இல்ல. சீட்டு இல்ல. அங்க குடுத்த பில்லைக் காட்டினேன். அப்பதான் நானே அதை ஒழுங்காப் படிச்சேன். "தங்கும் அறை, உணவு, யோகா." ரூ.1,08,000க்கு மருந்துன்னு ஒரு வார்த்தை கிடையாது.

அந்தம்மா என்னைத் திட்டல. பொறுமையா உட்கார வெச்சுச் சொன்னாங்க. டிரிப்ஸ்ல மனச்சோர்வுக்குக் குடுக்கிற வழக்கமான அளவு எடையில கிலோவுக்கு அரை மில்லிகிராம். தம்பியோட 62 கிலோவுக்கு 31 மில்லிகிராம், அதையும் 40 நிமிஷத்துல மெதுவா ஏத்தணும். பி.பி. சட்டுன்னு ஏறும், அதனால முன்னாலயும் நடுவுலயும் பின்னாலயும் பார்த்துக்கிட்டே இருக்கணும். அமெரிக்காவுல 2019 மார்ச்ல மனச்சோர்வுக்கு அனுமதிச்சது இந்த டிரிப்ஸே இல்லையாம். எஸ்கெட்டமைன்னு மூக்குல அடிக்கிற ஸ்பிரே. பதற்றத்துக்குன்னு அனுமதி இல்ல. மத்த மருந்து கேக்காதவங்களுக்கு, மாத்திரையோட சேர்த்துக் குடுக்கத்தான் அப்ப அனுமதிச்சிருக்காங்க. வீட்டுக்குக் குடுத்தனுப்பக் கூடாது. அடிச்சப்புறம் குறைஞ்சது ரெண்டு மணி நேரம் அங்கயே வெச்சுப் பாக்கணும். அன்னைக்கு வண்டி ஓட்டக் கூடாது. ஒரு தடவை போட்டா பலன் சில நாள்ல குறைஞ்சிடும், அதுவும் தெரிஞ்ச விஷயம்தானாம். ஏற்காட்டுல எங்களை டிரிப்ஸ் முடிஞ்ச இருபத்தஞ்சு நிமிஷத்துல வெளிய அனுப்பினாங்க.

"இது பழைய மருந்தும்மா, இங்க ஆபரேஷனுக்குத் தினமும் போடுறோம். மருந்து விலை பெரிசில்ல. பக்கத்துல உட்கார்ந்து பாத்துக்கிறதுக்குத்தான் காசு"ன்னாங்க. அந்த வார்த்தை எனக்குள்ள இன்னும் ஓடிக்கிட்டே இருக்கு. நான் கெட்டமைனைத் திட்டல. முறையாக் குடுத்து உயிர் பிழைச்சவங்க இருப்பாங்க. பாத்துக்கிறதுக்குன்னு காசை வாங்கிட்டு, பாத்துக்காம விட்டாங்களே, அதைத்தான் சொல்றேன்.

அப்புறம்தான் அலைக்கழிப்பு. ரெண்டாவது தேதிக்குக் கேட்டா, மழை, டாக்டரால மலை ஏற முடியலன்னாங்க. அடுத்த வாரம், "கூரியர்ல மாத்திரை அனுப்புறோம், நாக்குக்கு அடியில வெச்சுக்கங்க, வீடியோவுல பாத்துக்கிறோம்"னாங்க. வேண்டாம், நடந்த ஒண்ணுக்கு 18,000 எடுத்துக்கிட்டு மீதி 90,000 குடுங்கன்னேன். அக்கா அக்கான்னு பேசின பொண்ணு அன்னையில இருந்து மேடம்னு கூப்பிட ஆரம்பிச்சுச்சு. கணக்குப் பிரிவு பெங்களூர்ல இருக்குன்னாங்க. அங்க கூப்பிட்டா ஏற்காட்டுலயே கேக்கச் சொன்னாங்க. நேர்ல போனேன், கேட்டுக்கு உள்ளயே விடல. வாட்ச்மேன் தாத்தாதான் பாவம், தண்ணி குடுத்து, "வாரத்துக்கு ரெண்டு பேர் இப்படி வர்றாங்க சாமி"ன்னார். போன வாரம் எனக்கு ஒரு கூப்பன் அனுப்பினாங்க. அடுத்த தடவை குடும்பத்தோட வந்து தங்கினா 20 சதவீதம் தள்ளுபடியாம். ரூ.1,08,000 கட்டின எனக்கு!

என்னென்ன பாக்கணும்னு விவரமா எழுதணும்னுதான் ஆரம்பிச்சேன். தம்பிக்கு மாத்திரை குடுக்கிற நேரம் ஆச்சு, முக்கியமானது மட்டும் சொல்றேன். ஆறு தடவைக்கும் முன்பணம் கட்டாதீங்க. எத்தனை மில்லிகிராம், எத்தனை நிமிஷம், கூட எந்த டாக்டர் இருப்பார்னு எழுத்துல கேளுங்க, குடுக்கலைன்னா எழுந்து வந்துடுங்க. போன்ல பேசுறவங்க சொன்னாங்கன்னு ஓடுற மாத்திரையை நிறுத்தாதீங்க. கெட்டமைன் எக்ஸ் அட்டவணை மருந்து, அதாவது கடுமையான கட்டுப்பாடு உள்ளது, வீடியோவுல பார்த்து எழுதித் தரவே கூடாதுன்னு 2020 தொலைமருத்துவ விதியில இருக்கு, அதனால கூரியர்னு சொன்னாலே போனை வெச்சுடுங்க. 2017 மனநலச் சட்டப்படி சிகிச்சை விவரம் கேட்டு வாங்குறது நம்ம உரிமை. ராத்திரி என்னை மாதிரி யார்கிட்டயாவது பேசணும்னு தோணுச்சுன்னா, விளம்பரத்துல நம்பரைக் குடுக்காதீங்க, 14416க்கு அடிங்க. அரசாங்கத்தோட மனநல உதவி எண், காசில்ல, தமிழ்ல பேசுவாங்க.

1915ங்கிற நுகர்வோர் உதவி எண்ல புகார் பதிஞ்சாச்சு. வியாழக்கிழமை நுகர்வோர் ஆணையத்துல மனு குடுக்கப் போறேன். "தங்கும் அறை, உணவு, யோகா"ன்னு பில் வாங்கிட்டு வந்தவங்க சேலத்துல, நாமக்கல்ல, தர்மபுரியில யாராவது இருந்தா அதுக்குள்ள இன்பாக்ஸ்ல வாங்க. பில்லைக் கிழிச்சுப் போட்டுடாதீங்க.