கைல் மேட்ச்அப்புக்காக மூன்று கன்ட்ரோலர் மாற்றிய கதை

ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6 என்ற சண்டை வீடியோ கேம் வெளிவந்தது 2023 ஜூன் 2 அன்று. அந்த வாரமே ஸாங்கிஃப் என்ற மல்யுத்த வீரனைத் தேர்ந்தெடுத்தேன். இன்றுவரை வேறு கேரக்டரைத் தொடவில்லை. இடையில் மாறியதெல்லாம் கையில் பிடிக்கும் சாமான்தான். முதல் எட்டு மாதம் கன்சோலோடு வந்த சாதாரண பேட். அப்புறம் ஒரு வருடத்துக்கும் மேல் லீவர் வைத்த ஆர்கேட் ஸ்டிக். கடந்த பத்து மாதமாக, லீவரே இல்லாமல் எல்லாத் திசைக்கும் பொத்தான் வைத்த லீவர்லெஸ். மூன்றையும் தினம் ஒரு மணி நேரமாவது தேய்த்த பிறகுதான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். பெட்டியைப் பிரித்த அன்றே எழுதினால் எந்த கன்ட்ரோலரும் அருமையாகத்தான் இருக்கும்.

ஒவ்வொரு முறை மாற்ற நினைத்ததற்கும் காரணம் ஒரே எதிராளி கேரக்டர், கைல். (பெயரிலேயே கை இருக்கிறது, நான் அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.) 1991-இல் வந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 காலத்திலிருந்தே இந்த இருவரின் மேட்ச்அப், அதாவது நேருக்கு நேர் சண்டை, ஒரே மாதிரிதான். கைல் தூரத்தில் குந்தியபடி சோனிக் பூம் வீசிக்கொண்டே இருப்பான். தாண்டிக் குதித்தால் ஃபிளாஷ் கிக் வாங்கிக் கீழே விழ வேண்டும். ஸாங்கிஃப்பிடம் திருப்பி வீச ஒன்றும் கிடையாது. பக்கத்தில் போய் ஸ்க்ரூ பைல்டிரைவரில் பிடித்துத் தூக்கினால்தான் பிழைப்பு. அதற்கான உத்தரவோ திசைகளை வட்டமாகச் சுற்றி ஒரு குத்துப் பொத்தானை அழுத்துவது.

பேட் காலத்தில் என் முக்கியப் புகார் அந்த வட்டம்தான். பழகியவர்களுக்குத் தெரியும், முழு வட்டம் சுற்ற வேண்டியதில்லை. நான்கு திசைகளையும் வரிசையாகத் தொட்டால் போதும், முக்கால் வட்டத்திலேயே அது முடிந்துவிடும். ஆனால் நான்கில் ஒன்று மேல் திசை. குத்து கொஞ்சம் தாமதமானால் ஸாங்கிஃப் பிடிக்கப் போகாமல் குதித்துவிடுவான், கைலுக்கு அது விருந்து. இதற்கான வழி பழையது: வேறு ஏதாவது அடி ஓடிக்கொண்டிருக்கும்போதோ, குதித்துத் தரையிறங்கும்போதோ வட்டத்தைச் சுற்றி முடித்துவிட வேண்டும். அந்த நேரத்தில் மேல் திசையைத் தொட்டாலும் அவன் குதிக்க முடியாது. எனக்கு இது தெரியும். ஆனாலும் பேட்டின் திசைப் பொத்தானில் கட்டைவிரல் சறுக்கி மூலைத் திசைகள் தவறிக்கொண்டே இருந்தன. நகத்தை ஒட்டிய தோல் தடித்துப் போனது. ஒரு மணி நேரம் தாண்டினால் வலி.

பேட்டில் இன்னொரு நெருக்கடியும் உண்டு. கிளாசிக் கட்டுப்பாட்டில் அடிக்கு ஆறு பொத்தான். டிரைவ் இம்பாக்ட் என்ற கவச அடியும், வரும் அடியை ஏற்று மழுக்கும் பாரியும் இரண்டிரண்டு பொத்தான்களைச் சேர்த்து அழுத்துவது. அவசரத்துக்கு ஆகாது என்பதால் அவற்றுக்குத் தனிப் பொத்தான் ஒதுக்கினால் முன்பக்கம் நான்கும் தோளில் நான்கும் தீர்ந்துவிடுகின்றன. எனக்கு முக்கியமான பலத்த குத்து தோள் பொத்தானுக்குப் போய்விட்டது, அதை ஆள்காட்டி விரல் கடைசி வரை ஏற்றுக்கொள்ளவே இல்லை. மாடர்ன் கட்டுப்பாட்டுக்கு மாறினால் விசேஷ அடிகள் ஒரே பொத்தானில் வந்துவிடும், ஆனால் அப்படிப் போடும்போது சேதம் 80 சதவீதம்தான். ஸாங்கிஃப் ஆடுவதே அந்தச் சேதத்துக்காகத்தான் என்பதால் எனக்கு மனசு வரவில்லை.

இதையெல்லாம் வைத்துப் பேட்டை மட்டம் என்று சொல்லிவிட முடியாது. 2014 ஈவோ போட்டியில் அல்ட்ரா ஸ்ட்ரீட் ஃபைட்டர் 4 பட்டத்தை லஃபி என்ற ஆட்டக்காரர் வென்றது முதல் பிளேஸ்டேஷன் காலத்துப் பேட்டை வைத்துத்தான். அந்த உதாரணத்தை நண்பர்களிடம் பலமுறை சொல்லியிருக்கிறேன். சொல்லிக்கொண்டே ஸ்டிக் வாங்கினேன்.

ஸ்டிக் பற்றி முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். வட்டம் சுற்ற அதைவிடச் சுகமானது எதுவும் இல்லை. மணிக்கட்டை ஒரு சுழற்று சுழற்றினால் போதும். கட்டைவிரல் வலி ஒரே வாரத்தில் போய்விட்டது. ஆறு பொத்தானும் இரண்டு வரிசையாகக் கைக்குக் கீழே இருப்பதால் எந்த விரல் எங்கே என்ற யோசனையே இல்லை. என் லீவர் சான்வா ஜேஎல்எஃப் வகையைச் சேர்ந்தது. அதன் அடியில் இருந்த சதுரத் தடுப்புச் சட்டத்தை முதல் மாதத்திலேயே எண்கோணமாக மாற்றினேன், இரண்டு மாதத்தில் திரும்பவும் சதுரத்தையே போட்டேன். சதுரத்தில் மூலைக்குப் போய் முட்டினால் அதுதான் குறுக்குத் திசை. கீழ்-பின் மூலையில் லீவரைச் சாய்த்து வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு தடுக்கலாம்.

கெட்டது, கனம். இரண்டு கிலோவுக்கு மேல் மடியில் கிடந்தது. சத்தமும் கொஞ்சநஞ்சமல்ல, இரவில் ஆடினால் வீட்டில் பேச்சு வாங்க வேண்டும். ஏழாவது மாதத்தில் கீழ்த் திசை அவ்வப்போது காணாமல் போகத் தொடங்கியது. ஒரு வாரம் என் கையைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். டிரெய்னிங் மோடில் உள்ளீட்டு வரிசையைத் திரையில் ஓடவிட்டுப் பார்த்தபோதுதான், லீவரைக் கீழே அழுத்திப் பிடித்திருக்கும்போதே நடுவில் ஓரிரு ஃபிரேம் (நொடியில் ஒரு சிறு துணுக்கு) விடுபடுவது தெரிந்தது. லீவருக்கு அடியில் இருக்கும் நான்கு மைக்ரோ ஸ்விட்சில் ஒன்று செத்திருந்தது. திருகைக் கழற்றி மாற்றியதும் சரியாகிவிட்டது. பழுதான பாகத்தை நாமே மாற்றிக்கொள்ள முடிவது ஸ்டிக்கின் பெரிய பலம், பேட்டில் அது அவ்வளவு எளிதில்லை.

இத்தனைக்குப் பிறகும் கைலிடம் தோற்றுக்கொண்டேதான் இருந்தேன். வட்டம் சரியாக விழுகிறது, ஆனால் பிடிக்கும் தூரத்துக்குப் போகவே முடியவில்லை. அடுத்தது லீவர்லெஸ்தான் என்று முடிவு செய்து, இந்த விளையாட்டை எனக்குப் பழக்கிய நண்பரிடம் யோசனை கேட்டேன். "வாங்கறது இருக்கட்டும். தோத்ததுல எத்தனை கையால, எத்தனை தலையால?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

ஒரு நோட்டு எடுத்தேன். கைலிடம் தோற்ற ஒவ்வொரு சுற்றின் ரிப்ளேயையும் பார்த்து, நான் நினைத்தது சரியாக இருந்தும் விரல் தவறியிருந்தால் 'கை' என்றும், நினைத்ததே தப்பாக இருந்தால் 'தலை' என்றும் எழுதினேன். ஐம்பது சுற்று ஆனதும் நிறுத்தினேன். பக்கமெல்லாம் 'தலை'.

முதல் தலைத் தப்பு, எல்லா பூமையும் தடுப்பது. இந்த ஆறாம் பாகத்தில் தடுப்பது இலவசம் இல்லை. ஒவ்வொன்றுக்கும் டிரைவ் அளவுமானி (ஆற்றலைக் காட்டும் பட்டை) கரைகிறது. ஆறு கட்டமும் தீர்ந்தால் பர்ன்அவுட், அதற்குப் பிறகு தடுத்தாலும் விசேஷ அடிகள் உயிரைச் சுரண்டும். நான் பாதித் திரையைக் கடப்பதற்குள் பாதி அளவுமானியைக் கொடுத்துவிட்டு, பக்கத்தில் போனபோது வெறுங்கையோடு நின்றேன். பூமைப் பாரியில் வாங்கினால் அளவுமானி ஏறும். ஆனால் பாரியை அழுத்திப் பிடித்தபடி நிற்கக் கூடாது. பிடித்திருக்கும்வரை அதுவும் கரையும், பக்கத்தில் வந்து எறிந்தால் கூடுதல் சேதமும் சேரும். தூரத்தில் பாரி, நடுவில் நடை, கிட்டத்தில் தடுப்பு. இந்த ஒரு மாற்றத்துக்கே சண்டையின் முகம் மாறிவிட்டது.

இரண்டாவது தப்பு எதிராளியின் காலைப் பார்க்காதது. கைலின் இரண்டு ஆயுதங்களும் சார்ஜ் வகை. பூமுக்குப் பின் திசையையும், ஃபிளாஷ் கிக்குக்குக் கீழ்த் திசையையும் சற்று நேரம் பிடித்திருக்க வேண்டும். குந்தியிருக்கும் கைலிடம் இரண்டும் தயார். மெதுவான பூமை வீசிவிட்டு அதன் பின்னாலேயே நடந்து வரும் கைலிடம் இரண்டுமே இல்லை, ஏனென்றால் முன்னால் நடக்கத் தொடங்கிய கணமே சார்ஜ் போய்விட்டது. நின்றபடி பின்னால் நடப்பவனிடம் பூம் மட்டும் இருக்கும். நான் இத்தனை மாதமும் பூமைப் பார்த்துக் குதித்துக்கொண்டிருந்தேன். பார்க்க வேண்டியது அவன் குந்தியிருக்கிறானா, நடக்கிறானா என்பதை. நடக்கும்போது குதித்தாலும் சாதாரணக் குத்தால் அவன் நம்மை இறக்கலாம்தான். ஆனால் அது அவன் கவனித்து அடிக்க வேண்டிய அடி, ஃபிளாஷ் கிக்கைப் போலக் காத்திருந்து கொடுப்பது இல்லை.

மூன்றாவது, டிரைவ் இம்பாக்ட்டுக்குப் பயப்படுவது. அது அடிக்க வருவதற்கு 26 ஃபிரேம் எடுக்கும். நொடிக்கு 60 ஃபிரேம் என்பதால் அது அரை நொடிக்குச் சற்றுக் குறைவு, கண்ணால் பார்த்துப் பதில் சொல்லக்கூடிய நேரம்தான். இரண்டு அடியைத் தாங்கும் கவசம் அதற்கு இருந்தாலும் பிடிக்கு அந்தக் கவசம் நிற்காது. எதிராளி கிட்டத்தில் இம்பாக்ட் போட்டால் ஸாங்கிஃப்புக்கு அது பரிசு. நானோ எல்லாரையும் போலத் திருப்பி இம்பாக்ட் போட முயன்று தாமதமாகிக்கொண்டிருந்தேன்.

இந்த மூன்றையும் ஸ்டிக்கிலேயே திருத்திக்கொண்டேன். லீவர்லெஸ் வாங்கியது அதற்குப் பிறகு, அதுவும் மணிக்கட்டுக்காக. நீண்ட நேரம் லீவரைப் பிடித்து ஆடினால் முழங்கை வரை இழுத்தது. இதில் விரல்களின் வேலை மட்டும்தான், வலி இல்லை, எடையும் பாதிக்குக் கீழே.

ஆனால் முதல் மாதம் நரகம். இடதையும் வலதையும் ஒரே நேரத்தில் அழுத்தினால் என்ன ஆகும் என்ற கேள்வி லீவரில் எழவே எழாது, இதில் அதுதான் முதல் கேள்வி. இந்த விளையாட்டைத் தயாரிக்கும் கேப்காம் நடத்தும் புரோ டூர் போட்டியின் 2023 விதிப்படி இடம்-வலம் சேர்ந்தால் நடுநிலை (எந்தத் திசையும் இல்லை), மேல்-கீழ் சேர்ந்தாலும் நடுநிலை. இந்த விதிகளுக்குப் பின்னால் ஒரு கதை உண்டு. 2019-இல் புகழ்பெற்ற ஆட்டக்காரர் டைகோ உமேஹாரா கஃப்ரோபாக்ஸ் என்ற பொத்தான் பெட்டியோடு வந்தபோது, எதிர்த் திசைகளை அது கையாண்ட விதம் சார்ஜ் கேரக்டருக்குச் சலுகை ஆகிறது என்று சர்ச்சை எழுந்து, கேப்காம் அதைத் தடை செய்தது. அவர் அப்போது ஆடியது யாரை? கைலை. எனக்கு ஆச்சரியமே இல்லை.

நடுநிலை விதியால் நான் பட்ட பாடு இது. பூமை நோக்கி நடக்கும்போது முன் பொத்தானில் விரல் இருக்கும். பூம் வந்ததும் பின் பொத்தானை அழுத்துவேன், ஆனால் முன் விரலை எடுக்க மறந்திருப்பேன். இரண்டும் சேர்ந்து நடுநிலை, ஸாங்கிஃப் கையைத் தொங்கப்போட்டு நின்று முகத்தில் வாங்குவான். பேட்டிலும் ஸ்டிக்கிலும் நான் ஒருமுறைகூடச் செய்யாத தப்பு. நோட்டில் முதன்முறையாகப் பக்கம் முழுக்க 'கை' விழுந்தது. தினம் பத்து நிமிடம் டிரெய்னிங் மோடில் பொம்மைக் கைலை பூம் வீசவிட்டு நடப்பதும் நிறுத்துவதுமாகப் பழகியதில் ஐந்து வாரத்தில் சரியானது. அதே விதியால் லாபமும் இருக்கிறது: முன் பொத்தானைப் பிடித்தபடி பின் பொத்தானை ஒரு தட்டு தட்டினால் முன்-நடுநிலை-முன் என்று பதிவாகி முன்பாய்ச்சல் வந்துவிடும். வட்டமும் நான்கு விரலை வரிசையாக உருட்டினால் விழுகிறது, மேல் திசைக்குக் கட்டைவிரல். கீழ் விரலை எடுத்துவிட்டுத்தான் மேலை அழுத்த வேண்டும், இல்லையென்றால் அதுவும் நடுநிலைக்குப் போய்விடும்.

வாங்குகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நான் முதலில் வாங்கிய லீவர்லெஸ் பெட்டி கடைசியாக அழுத்திய திசை ஜெயிக்கும் முறையில் வந்தது. போட்டிக்கு எடுத்துப் போயிருந்தால் தகராறு. கையேட்டில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை, பொத்தான் சேர்க்கைகளை முயன்று பார்த்துத்தான் மாற்றினேன். எந்தப் பெட்டியானாலும் முதல் வேலையாக டிரெய்னிங் மோடில் எதிர்த் திசைகளைச் சேர்த்து அழுத்தித் திரையில் என்ன பதிவாகிறது என்று பாருங்கள். உங்கள் கன்சோலில் அது நேரடியாக வேலை செய்யுமா என்பதையும் வாங்கும் முன்பே உறுதி செய்துகொள்ளுங்கள்; கணினியில் பிரச்சினை இல்லாதது கன்சோலில் அடையாளம் காணப்படாமல் போகலாம். கணினியில் ஆடுகிறவர் என்றால் லீவர்லெஸ் ஒத்துவருமா என்று பார்க்கச் செலவே வேண்டாம், சாதாரண விசைப்பலகையில் ஒரு மாதம் ஆடிப் பாருங்கள். உணர்வு கிட்டத்தட்ட அதேதான்.

இன்றைய நிலவரம் இது: லீவர்லெஸ் மேசை மேல், ஸ்டிக் அலமாரியில், பேட் டெக்கன் 8 ஆட வரும் தம்பி கையில். கைலிடம் இப்போது பாதிக்குப் பாதி. இந்த மாதத்து நோட்டு ஜேபி என்ற இன்னொரு கேரக்டரோடு மேட்ச்அப். எங்கிருந்து முளைக்கும் என்று தெரியாத அந்தத் தரை முள்ளில் நேற்று மட்டும் ஏழு சுற்று போனது, ஏழுக்கும் 'தலை' என்றுதான் எழுதியிருக்கிறேன்.