ஒயிட்சேப்பல் கொலைகள் பற்றிய ஒலித்தொடர்: ஒரு மதிப்புரை

1888ஆம் ஆண்டு இலண்டனின் ஒயிட்சேப்பல் பகுதியில் நிகழ்ந்து இன்றுவரை துலங்காத கொலைகளை, துப்பறிவதில் ஆர்வமுள்ள இருவர் இணையத்தில் விவாதிக்கும் கட்டண ஒலித்தொடர் இது. ஒலிப்பதிவு தெளிவாக இருக்கிறது; பேச்சும் சலிப்பூட்டவில்லை. ஆனால், சான்றுகளைக் கையாளும் விதத்தை என்னால் ஏற்க முடியவில்லை.

காவல்துறை அதிகாரி மெல்வில் மெக்நாட்டன் சந்தேக நபர்களைப் பற்றி 1894இல் எழுதிய குறிப்பை இறுதித் தீர்ப்பைப் போல் வாசிக்கிறார்கள். அதில் மருத்துவர் என்று குறிக்கப்பட்ட மாண்டேகு டிரூயிட் உண்மையில் வழக்கறிஞராகவும் பள்ளி ஆசிரியராகவும் இருந்தவர் என்பதையும், மற்றொரு சந்தேக நபரான மைக்கேல் ஆஸ்ட்ராக் கொலைகள் நடந்தபோது பிரான்சில் சிறையில் இருந்தது பிற்பாடு ஆவணங்களால் தெரியவந்ததையும் சொல்லாமலே கடந்துவிடுகிறார்கள். கொலையுண்ட பெண் ஒருவரின் உடலருகே கிடந்ததாகச் சொல்லப்படும் சால்வையில் கிடைத்ததாகக் கூறப்படும் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ பற்றிய பகுதி இன்னும் வருத்தமளிக்கிறது. தாய்வழியில் பலருக்கும் பொதுவான அந்த மரபுக்கூறு ஒருவரை விலக்க உதவுமே தவிர, இவர்தான் என்று சுட்டப் போதாது. அந்தச் சால்வை கொலை நடந்த இடத்தில் இருந்ததற்கே உறுதியான ஆவணம் கிடையாது.

மேரி ஆன் நிக்கல்ஸ் முதல் மேரி ஜேன் கெல்லி வரையிலான, கொலையுண்ட ஐந்து பெண்களின் வாழ்க்கையைச் சொல்லும் அத்தியாயம் மட்டும் பொறுப்போடும் பரிவோடும் அமைந்திருக்கிறது. அதைக் கட்டணமின்றியே கேட்கலாம். முழுத் தொடருக்கும் சந்தா செலுத்துவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.